விர்ஜீனியா 2018–19: பட்ட அடியா கோப்பையைத் தந்தது?

வளைகோடு எழுதியது:

அமெரிக்காவின் விர்ஜீனியா பல்கலைக்கழக ஆண்கள் கூடைப்பந்து அணியின் 2018–19 பருவத்தைப் பற்றி யார் பேசத் தொடங்கினாலும், பேச்சு உடனே 2018 மார்ச் 16-ஆம் தேதிக்குப் போய்விடுகிறது. அன்று சார்லட் நகரில், கல்லூரி அணிகளின் தேசியத் தொடரில் முதல் தரவரிசை அணியாக இறங்கிய விர்ஜீனியா, தன் பிரிவின் கடைசி இடமான பதினாறாம் தரவரிசையில் இருந்த மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுன்டி அணியிடம் 54–74 என்று தோற்றது. அதற்கு முன்பு ஆண்கள் தொடரில் முதல் தரவரிசை அணிகள் பதினாறாம் தரவரிசை அணிகளைச் சந்தித்த 135 ஆட்டங்களிலும் வென்றிருந்தன. மறு ஆண்டே 35 வெற்றி, 3 தோல்வி என்ற கணக்கோடு விர்ஜீனியா தன் வரலாற்றின் முதல் தேசியக் கோப்பையை வென்றது. விழுந்த அணி எழுந்தது என்று எல்லோரும் நெகிழ்ந்து எழுதினார்கள்.

அந்த நெகிழ்ச்சி ஆட்டத்தையே மறைத்துவிட்டது என்று நான் கருதுகிறேன். டோனி பென்னட் 2009-இல் பயிற்சியாளராக வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே விர்ஜீனியாவின் தடுப்பாட்டம் நாட்டின் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாகிவிட்டது. ஆனால் அந்த அணி ஒவ்வொரு மார்ச்சிலும் பந்தைக் கூடையில் போட முடியாமல்தான் வெளியேறியது. 2017-இல் ஃப்ளோரிடாவிடம் 39–65 என்று தோற்றதை நினைத்துப் பாருங்கள். நாற்பது நிமிடங்களில் 39 புள்ளிகள். பால்டிமோர் கவுன்டியிடம் தோற்ற அன்றும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்த 22 பந்துகளில் 4 மட்டுமே விழுந்தன. 2018–19-இலோ, கல்லூரிக் கூடைப்பந்துப் புள்ளிவிவர வல்லுநர் கென் பாமராயின் கணக்கின்படி, விர்ஜீனியாவின் தாக்குதல் நாட்டில் இரண்டாவது இடத்திலும் தடுப்பு ஐந்தாவது இடத்திலும் இருந்தன. கைல் கை, டை ஜெரோம், டிஆண்ட்ரே ஹன்டர் ஆகிய மூவரும் எந்தத் தடுப்புக்கு எதிராகவும் புள்ளி எடுக்கக்கூடியவர்களாக வளர்ந்திருந்தார்கள். கோப்பையைத் தந்தது அந்த வளர்ச்சியே அன்றி முந்தைய ஆண்டின் காயம் அல்ல என்பது என் கட்சி. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

தடுப்பரண் எழுதியது:

நண்பர் வளைகோடு சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் தடுப்பாட்டத்தை ஏற்கெனவே இருந்த ஒன்று என்று ஒரே வரியில் கடந்துபோவது நியாயமில்லை. கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில், அந்தத் தடுப்பு எவ்வளவு கடினமானது என்பதைச் சற்று விளக்க விரும்புகிறேன்.

‘பேக் லைன்’ எனப்படும் இந்த முறையை வகுத்தவர் டோனியின் தந்தை டிக் பென்னட். விஸ்கான்சின் அணியை 2000-ஆம் ஆண்டு தேசியத் தொடரின் இறுதி நால்வருக்குள், அதாவது அரையிறுதிக்கு, கொண்டுவந்தவர் அவர். மூன்று புள்ளிக் கோட்டுக்கு உள்ளே, கூடையிலிருந்து ஏறத்தாழ 16 அடி தொலைவில் ஒரு வளைகோடு இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். பந்து வைத்திருப்பவரை ஒருவர் மட்டும் வெளியே சென்று நெருக்குவார். மற்ற நால்வரும் அந்தக் கற்பனைக் கோட்டுக்குள்ளேயே நின்று, எதிராளி ஊடுருவி வரக்கூடிய இடைவெளிகளை அடைப்பார்கள். பந்து கைமாறும் அந்த நொடியில் ஐந்து பேரும் ஒருசேர நகர வேண்டும். புதிதாகப் பந்தைப் பெற்றவரை நோக்கி ஓடும் தடுப்பாளர், எறிதலையும் தடுக்க வேண்டும், தன்னைக் கடந்து செல்லவும் விடக் கூடாது. பந்தோடு வரும் வீரருக்கு எதிரணியினர் ஸ்கிரீன் வைத்தால், அதாவது தடுப்பாளரின் வழியில் நின்று மறைத்தால், உயரமான வீரர் துணிந்து வெளியே வந்து மறித்துவிட்டு மீண்டும் தன் இடத்துக்கு ஓட வேண்டும். கூடைக்கு அருகே பந்து போனால் இரண்டு உயரமானவர்கள் சேர்ந்து அடைக்க வேண்டும். ஒருவர் அரை நொடி தாமதித்தாலும் அரண் உடைந்துவிடும்.

இதைக் கற்கவே ஓராண்டு ஆகும். பின்னாளில் தொழில்முறை அணிகளின் 2019 வீரர் தேர்வில் நான்காவது வீரராக எடுக்கப்பட்ட ஹன்டர், 2016–17 பருவம் முழுவதும் ஆடாமல் பயிற்சி மட்டுமே பெற்றார் என்பதை மறக்க வேண்டாம். தேசியத் தொடரில் ஆரிகன் அணியை 49 புள்ளிகளில் நிறுத்தியது இந்த முறைதான். இறுதி ஆட்டத்தில் டெக்சஸ் டெக்கின் முதன்மை வீரர் ஜாரெட் கல்வர் 22 முறை எறிந்து 5 முறை மட்டுமே கூடையில் போட்டார். அவரைப் பெரும்பாலும் தடுத்தவர் ஹன்டர். நாற்பது நிமிட ஆட்டத்தின் கடைசி நொடியில் கல்வரின் எறிதலை விர்ஜீனியாவின் பிராக்ஸ்டன் கீ மறித்திருக்காவிட்டால் கூடுதல் நேரமே வந்திருக்காது.

புள்ளிக்கணக்கு எழுதியது:

இருவரும் அணியின் திறமையைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் ஆட்டத்தின் வேகத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன், ஏனென்றால் தோல்விக்கும் வெற்றிக்கும் பொதுவான காரணம் அங்கேதான் இருக்கிறது.

அந்தப் பருவத்தில் கல்லூரி ஆட்டத்தின் முதல் பிரிவில் இருந்த 353 அணிகளுள் மிக மெதுவாக ஆடிய அணி விர்ஜீனியா. பந்தை எறிவதற்கான முப்பது நொடிக் கெடுவின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டு, ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 60 முறை மட்டுமே அந்த அணி பந்தோடு தாக்கச் சென்றது. பிற அணிகள் சராசரியாக 70-ஐ நெருங்கின. வாய்ப்புகள் குறையக் குறையத் தற்செயலின் பங்கு கூடும். வலிமையான அணியும் எளிய அணியும் நூறு முறை மாறி மாறித் தாக்கினால் வலிமை வெளிப்பட்டே தீரும். அறுபது முறை என்றால் எளிய அணி நான்கைந்து நல்ல எறிதல்களோடு முன்னே வந்துவிடலாம். பால்டிமோர் கவுன்டி அணி அன்று 24 மூன்று புள்ளி எறிதல்களில் 12-ஐப் போட்டது. இடைவேளையில் 21–21 என்று சமநிலையில் இருந்த ஆட்டம் அது. அதே ஆண்டு ஜனவரியில் அந்த அணி ஆல்பனியிடம் 44 புள்ளி வேறுபாட்டில் தோற்றிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2019 தேசியத் தொடரில் இதே தற்செயல் மறுபக்கம் சாய்ந்தது. பர்டூவுக்கு எதிராகக் கூடுதல் நேரம், 80–75. ஆபர்னுக்கு எதிராக ஒரே புள்ளி, 63–62. டெக்சஸ் டெக்குக்கு எதிராக மீண்டும் கூடுதல் நேரம், 85–77. மூன்றிலும் ஆட்டம் முடியும் தறுவாயில் விர்ஜீனியா பின்தங்கியிருந்தது. இந்த மூன்றில் ஒன்று தவறியிருந்தாலும் இந்த இழையே இருந்திருக்காது. எனவே அணியின் உயர்வை மறுக்காமலேயே, கோப்பையில் நற்பேற்றின் பங்கு பெரிது என்று சொல்வேன்.

வளைகோடு எழுதியது:

நண்பர் புள்ளிக்கணக்கு வைத்த வாதம்தான் இதுவரை வந்தவற்றுள் வலுவானது. வேகத்தைப் பற்றி அவர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அந்த மூன்று முடிவுகளையும் நாணயம் சுண்டியது போலக் கருத என்னால் முடியவில்லை.

லூயிவில்லில் நடந்த பர்டூ ஆட்டத்தின் கடைசி ஆறு நொடிகளை எடுத்துக்கொள்வோம். விர்ஜீனியா மூன்று புள்ளிகள் பின்தங்கியிருந்தது. பர்டூ வேண்டுமென்றே ஃபவுல் செய்து ஜெரோமை ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு அனுப்பியது. முதலாவது விழுந்தது, இரண்டாவது தவறியது. விர்ஜீனியாவின் மாமாடி டியாகிட்டே அந்தப் பந்தைத் தட்டிவிட, அது நடுக்கோட்டைத் தாண்டி விர்ஜீனியாவின் சொந்தக் கூடைப் பக்கம் போய்விட்டது. அதைத் துரத்திப் பிடித்தவர் முதலாண்டு மாணவரான கிஹெய் கிளார்க். ஐந்தடி ஒன்பது அங்குல உயரமுள்ள அந்தச் சிறிய வீரர், அருகில் கையைத் தூக்கிப் பந்து கேட்ட ஜெரோமுக்குக் கொடுக்காமல், ஆடுகளத்தின் மறுமுனையில் நின்ற டியாகிட்டேயைக் கண்டு நீளமான ஒரு பாஸ் எறிந்தார். டியாகிட்டே பந்தை வாங்கிய கையோடு எறிய, மணி ஒலிப்பதற்குள் பந்து கையை விட்டிருந்தது. ஆட்டம் 70–70. தவறிய ஃப்ரீ த்ரோவில் தொடங்கியது என்பதால் இதில் நற்பேறு உண்டு. ஆனால் பதற்றமில்லாத ஒரு கண்ணும் ஒரு கையும் இல்லாமல் அந்த நற்பேறு எதற்கும் பயன்பட்டிருக்காது. கினி நாட்டின் கொனாக்ரியில் கால்பந்து ஆடி வளர்ந்து, பிறகே கூடைப்பந்துக்கு வந்தவர் டியாகிட்டே என்பதை நினைக்கும்போது அந்த எறிதலின் அமைதி எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது.

அதே ஆட்டத்தில் பர்டூவின் கார்சன் எட்வர்ட்ஸ் 10 மூன்று புள்ளி எறிதல்களோடு 42 புள்ளிகள் எடுத்தார். பேக் லைன் முறை உள்ளே வருபவரைத் தடுக்கிறது. தொலைவிலிருந்து எறிபவருக்கு இடம் தருகிறது. பிப்ரவரியில் டியூக் அணி சார்லட்ஸ்வில்லுக்கே வந்து 13 மூன்று புள்ளிகள் போட்டு 81–71 என்று வென்றதும் இதனால்தான். எட்வர்ட்ஸ் அப்படி ஆடிய இரவில், முந்தைய ஆண்டுகளின் விர்ஜீனியா நிச்சயம் தோற்றிருக்கும். அன்று கைல் கை 25 புள்ளிகளும் ஜெரோம் 24 புள்ளிகளும் எடுத்ததால்தான் அந்தக் கடைசி ஆறு நொடிகளுக்கே பொருள் இருந்தது.

நடுவர் மேசை எழுதியது:

ஆபர்ன் ஆட்டத்தைப் பற்றி ஒரு குறிப்பு. மாவட்ட அளவிலான ஆட்டங்களுக்கு நடுவராக இருந்திருக்கிறேன் என்பதால் இதைத் தவிர்க்க மனமில்லை.

மினியாபொலிஸில் நடந்த அந்த அரையிறுதியில் இரண்டு முடிவுகள் இன்றுவரை பேசப்படுகின்றன. முதலாவது, கடைசி நொடிகளில் ஜெரோம் பந்தைத் தட்டிக்கொண்டு வரும்போது அது அவருடைய காலில் பட்டு விலகியது. அவர் அதை இரு கைகளாலும் பிடித்து மீண்டும் தட்டினார். அது டபுள் டிரிபிள் என்ற தெளிவான விதிமீறல், நடுவர்கள் கவனிக்கவில்லை. அதற்குச் சற்று முன்பு ஆபர்ன் வீரர் ஜெரோமின் சட்டையைப் பிடித்து இழுத்ததும் காணொளியில் தெரிகிறது. அதையும் நடுவர்கள் கவனிக்கவில்லை. டபுள் டிரிபிளைக் காணொளி பார்த்துத் திருத்த விதிகளில் இடமில்லை என்பதால் அது அப்படியே போனது.

இரண்டாவது, ஆபர்ன் 62–60 என்று முன்னிலையில் இருக்க, மூலையிலிருந்து கைல் கை மூன்று புள்ளிக்கு எறிந்தபோது கொடுக்கப்பட்ட ஃபவுல். கடிகாரத்தில் 0.6 நொடி மிச்சமிருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் ஃபவுல் கொடுக்கலாமா என்று ஆபர்ன் ரசிகர்கள் கொதித்தார்கள். முதல் நிமிடத்தில் ஃபவுலாக இருக்கும் செயல் கடைசி நொடியிலும் ஃபவுல்தான். எறிபவர் தரையிறங்கும் இடத்துக்குள் ஆபர்னின் சமீர் டவுட்டி உடலோடு புகுந்துவிட்டார். அதை ஊதியது மிகத் துணிவான, மிகச் சரியான முடிவு. கைல் கை மூன்று ஃப்ரீ த்ரோக்களையும் போட்டார். ஆகவே ஒரு முடிவு விர்ஜீனியாவுக்குத் தவறாகச் சாதகமானது, ஒரு முடிவு சரியாகச் சாதகமானது. இரண்டையும் சேர்த்துக் குழப்பி, கோப்பை திருடப்பட்டது என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

புள்ளிக்கணக்கு எழுதியது:

ஐயா சொன்ன விளக்கத்துக்கு நன்றி. ஆனால் அந்த ஆட்டத்தில் சுமார் ஐந்து நிமிடங்கள் மிச்சமிருந்தபோது விர்ஜீனியா 10 புள்ளிகள் முன்னிலையில் இருந்தது. அதன்பின் ஆபர்ன் தொடர்ந்து 14 புள்ளிகள் எடுத்தது. நாட்டின் இரண்டாவது சிறந்த தாக்குதல் அப்போது எங்கே போயிற்று என்பதற்கு நண்பர் வளைகோடு விடை சொல்ல வேண்டும்.

மீள்பந்து எழுதியது:

நான் இந்த இழையின் தொடக்கத்துக்கே திரும்புகிறேன். 2018 தோல்விக்கும் 2019 வெற்றிக்கும் தொடர்பில்லை என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

தோல்விக்குப் பிறகு என்ன நடந்தது என்பதைப் பாருங்கள். கைல் கை தன் மனப்பதற்ற நோயைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். தோற்ற அன்று ஆடுகளத்தில் தான் குனிந்து நின்ற படத்தையே தன் கைபேசித் திரையில் வைத்துக்கொண்டார். அந்தத் தோல்வியின்போது ஹன்டர் மணிக்கட்டு முறிந்து ஆட முடியாமல் வெளியே உட்கார்ந்திருந்தார். பென்னட்டோ தோற்ற அன்றிரவே கேமராக்களுக்கு முன் நின்று, எதிரணியைப் பாராட்டி, ஒரு சாக்கும் சொல்லாமல் பேசினார். இவற்றையெல்லாம் உணர்ச்சிக் கதை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் ஆட்டத்திலேயே நடந்த மாற்றத்தை எப்படி ஒதுக்குவது? தாம் பல்லாண்டுகளாகப் பிடித்து வைத்திருந்த தாக்குதல் முறையைப் பென்னட் தளர்த்தினார். எறிபவர்கள் ஓடிக்கொண்டே இருக்க, உயரமானவர்கள் இருபுறமும் மறித்து நிற்கும் பழைய அமைப்போடு, பந்து வைத்திருப்பவருக்கு அடுத்தடுத்து ஸ்கிரீன் வைக்கும் அமைப்பையும் 2018–19-இல் அதிகமாகப் பயன்படுத்தினார். ஜெரோமின் கையில் முடிவெடுக்கும் பொறுப்பு கூடியது அதனால்தான். நண்பர் வளைகோடு போற்றும் அந்தத் தாக்குதலே தோல்வி தந்த பாடத்தின் விளைவு.

இன்னும் ஒன்று. 2019 தொடரின் முதல் ஆட்டத்தில் மீண்டும் ஒரு பதினாறாம் தரவரிசை அணி. கார்ட்னர்-வெப் என்ற அந்த அணி முதல் பாதியில் 14 புள்ளிகள் முன்னே போய், இடைவேளையில் 36–30 என்று முன்னிலையில் இருந்தது. அரங்கில் இருந்த ஒவ்வொருவர் மனத்திலும் என்ன ஓடியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த நிலையிலிருந்து 71–56 என்று வென்ற அணிக்கு, முந்தைய ஆண்டு ஒன்றுமே கற்றுத் தரவில்லை என்று சொல்ல முடியுமா?

வளைகோடு எழுதியது:

மீள்பந்து அவர்களின் இரண்டாவது வாதத்துக்கு என்னிடம் மறுப்பு இல்லை. தாக்குதல் முறை மாறியதில் தோல்விக்குப் பங்கு உண்டு என்பதை ஏற்கிறேன். ஆனால் தோற்றதால் மட்டும் ஓர் அணி மாறிவிடுவதில்லை. 2014-இலும் 2016-இலும் முதல் தரவரிசையோடு தொடங்கி இறுதி நால்வருக்குள் வராமல் போனபோதும் அடி வலித்திருக்கும். 2016-இல் சிராகியூஸிடம் இரண்டாம் பாதியில் இருந்த பெரிய முன்னிலையை இழந்து 62–68 என்று தோற்றார்களே, அந்தப் பாடம் ஏன் உடனே கோப்பையாகவில்லை? மாற்றத்தைச் சுமக்கக்கூடிய மூவர் அப்போது ஒரே நேரத்தில் முதிர்ந்திருக்கவில்லை என்பதே என் விடை.

ஆபர்னின் 14 புள்ளிகளைப் பற்றி: அந்த ஐந்து நிமிடங்கள் மோசமாக ஆடினார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குப் பிறகும் கைல் கை மூலையிலிருந்து ஒரு மூன்று புள்ளி போட்டு ஒரே புள்ளி வேறுபாட்டுக்குக் கொண்டுவந்ததால்தான் அந்தக் கடைசி ஃபவுலுக்கு வழி பிறந்தது.

இறுதி ஆட்டம் என் கட்சிக்கு மிகத் தெளிவான சான்று. டெக்சஸ் டெக்கின் தடுப்பு அந்த ஆண்டில் நாட்டிலேயே முதன்மையானது. இரண்டு அணிகளும் ஐம்பதுகளில் திணறும் என்றே பலரும் எதிர்பார்த்தார்கள். 72,062 பேர் பார்க்க, விர்ஜீனியா 85 புள்ளிகள் எடுத்தது. ஹன்டரின் 27 புள்ளிகளில் 22 இடைவேளைக்குப் பிறகு வந்தவை. ஆட்டம் முடியப் பன்னிரண்டு நொடிகள் இருக்கையில், மூன்று புள்ளிகள் பின்தங்கிய நிலையில், ஜெரோம் ஊடுருவிச் சென்று தடுப்பைத் தன்பக்கம் இழுத்துவிட்டு மூலையில் நின்ற ஹன்டருக்குப் பந்தைக் கொடுக்க, அவர் 68–68 ஆக்கினார். கூடுதல் நேரத்தில் விர்ஜீனியா எடுத்த 12 ஃப்ரீ த்ரோக்களும் விழுந்தன. 24 புள்ளிகள் எடுத்த கைல் கை தொடரின் சிறந்த வீரரானார்.

தடுப்பரண் எழுதியது:

85 புள்ளிகள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அன்று எதிரணியும் 77 எடுத்தது. அது பென்னட் விரும்பிய ஆட்டம் அல்ல. கல்வரை அடைத்ததனால் பிராண்டன் ஃபிரான்சிஸ் போன்றவர்கள் வெளியே தடையின்றி எறிந்தார்கள். தடுப்பு தளர்ந்த இரவில் தாக்குதல் காப்பாற்றியது என்று நீங்கள் சொல்லலாம். ஐந்து ஆட்டங்களைத் தடுப்பு வென்று கொடுத்ததால்தான் அந்த இரவு வந்தது என்று நான் சொல்வேன்.

புள்ளிக்கணக்கு எழுதியது:

இந்த விவாதத்துக்கு விடை 2019-க்குப் பிந்தைய ஆண்டுகளில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இதை எழுதும்போது என் முந்தைய வாதத்தின் பலம் சற்றுக் குறைகிறது, ஆனாலும் உண்மை உண்மைதான்.

அந்தக் கோப்பைக்குப் பிறகு பென்னட்டின் விர்ஜீனியா தேசியத் தொடரில் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. 2020-இல் பெருந்தொற்றால் தொடரே நடக்கவில்லை. 2021-இல் ஒஹாயோவிடம் 58–62. 2023-இல் ஃபர்மனிடம் 67–68. 2024-இல் கொலராடோ ஸ்டேட்டிடம் 42–67. பின்பு 2024 அக்டோபரில், பருவம் தொடங்கும் வேளையில், மாணவர்கள் கல்லூரி விட்டுக் கல்லூரி மாறுவதும் பணம் பெறுவதுமாக மாறிவிட்ட புதிய சூழலுக்குத் தாம் ஏற்றவர் அல்லர் என்று சொல்லிப் பென்னட் ஓய்வு பெற்றுவிட்டார். இத்தனை ஆண்டுகளிலும் பேக் லைன் முறை இருந்தது. ஹன்டரும் ஜெரோமும் கைல் கையும் 2019 கோடையிலேயே தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள். அதே ஆண்டு கல்லூரி ஆட்டத்தின் மூன்று புள்ளிக் கோடும் பின்னே தள்ளப்பட்டது. தடுப்பு தங்கியது, எறிதல் போய்விட்டது, வெற்றியும் போய்விட்டது. வெறும் தற்செயல் என்றால் இப்படி ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்காது.

ஃபர்மன் ஆட்டத்தின் கடைசி நொடிகளில், இரண்டு புள்ளி முன்னிலையில் இருந்தபோது நெருக்கடியில் சிக்கிப் பந்தைத் தூக்கி எறிந்து எதிராளியிடம் கொடுத்தவர் கிளார்க். 2019-இல் பர்டூவுக்கு எதிராக அந்த நீளமான பாஸை எறிந்த அதே கிளார்க். இதற்காக அவரைப் பழித்து எழுதியவர்களைப் படித்தபோது வருந்தினேன். ஐந்து ஆண்டுகள் ஒரே கல்லூரிக்காக ஆடிய ஒருவரை ஒரு பாஸை வைத்து அளப்பது சரியல்ல, அது எந்தப் பாஸாக இருந்தாலும்.

நடுவர் மேசை எழுதியது:

தொடர்புடைய இரண்டு செய்திகள். 2023-இல் பர்டூ அணியும் முதல் தரவரிசையோடு இறங்கிப் பதினாறாம் தரவரிசை ஃபேர்லீ டிக்கின்சனிடம் 58–63 என்று தோற்றது. அடுத்த ஆண்டு இறுதி ஆட்டம் வரை வந்து கனெக்டிகட்டிடம் தோற்றது. மீள்பந்து அவர்களின் வாதத்துக்கு இது துணை செய்யலாம். மற்றொன்று, 2018-இல் விர்ஜீனியாவை வீழ்த்திய அணியின் பயிற்சியாளர் ரயன் ஓடம் 2025-இல் விர்ஜீனியாவின் பயிற்சியாளராகவே நியமிக்கப்பட்டார். அவருடைய தந்தை டேவ் ஓடம் 1980-களில் அங்கேயே துணைப் பயிற்சியாளராக இருந்தவர்.

மீள்பந்து எழுதியது:

பர்டூவிலும் உயரமான சாக் எடி தங்கியிருந்தார் என்று வளைகோடு சொல்லப்போகிறார். அதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்கிறேன். வீரர்கள் தங்கினால்தான் பாடமும் தங்கும். தடுப்பரண் அவர்களிடம் ஒரு கேள்வி. பேக் லைன் முறையை மாணவர்களுக்குக் காட்ட அந்தத் தொடரின் எந்த ஆட்டத்தைப் பரிந்துரைப்பீர்கள்?

தடுப்பரண் எழுதியது:

ஆரிகனுக்கு எதிரான 53–49 ஆட்டத்தின் கடைசி ஆறு நிமிடங்கள். ஆரிகன் மூன்று புள்ளிகள் முன்னே இருந்த கட்டத்திலிருந்து பாருங்கள். முதல் முறை பார்க்கும்போது பந்தைப் பார்க்க வேண்டாம். பந்துக்கு மறுபக்கம் நிற்கும் இரண்டு விர்ஜீனியா வீரர்களின் கால்களை மட்டும் மாணவர்கள் கவனிக்கட்டும். ஒவ்வொரு பாஸுக்கும் அந்தக் கால்கள் எத்தனை முறை நகர்கின்றன என்று எண்ணச் சொல்லுங்கள். இரண்டாம் முறை பார்க்கும்போது, வளைகோடு மனம் மகிழ, ஜெரோம் எறியும் மூன்று புள்ளிகளையும் பார்த்துக்கொள்ளலாம்.